தலைமையாசிரியரைப் பாதுகாக்கும் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை

புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் தலைமையாசிரியர்களுக்கும், அங்கீகாரம் புதுப்பிக்க ஆவணம் சேர்த்துக்கொண்டிருக்கும் தாளாளர்களுக்கும் இந்தக் கையேடு. மற்றவர்கள் படிக்க வேண்டாம். குறிப்பாகப் பெற்றோர்கள்.

பல பள்ளிகளுக்கு ஃபைல் தயாரித்துக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் தீயணைப்புச் சான்றிதழ், கட்டட உறுதிச் சான்றிதழ், சுகாதாரச் சான்றிதழ் ஆகியவற்றுக்குப் பிறகு "குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எங்கே?" என்று கேட்பார். கேட்க வைத்தவை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள். குழந்தைகளோடு புழங்கும் எந்த நிறுவனமும், அவர்கள் மீதான வன்முறையைத் துளியும் பொறுக்காத கொள்கை ஒன்றை ஏற்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. ஏற்பதில் நமக்கு ஒரு சிரமமும் இல்லை. ஏற்றபடி நடப்பதற்குத்தான் ஆள் பற்றாக்குறை.

கொள்கையை நீங்களே உட்கார்ந்து எழுதிவிடாதீர்கள். எழுத ஆரம்பித்தால் யோசிக்க வேண்டிவரும். மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளை யார், அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டர் அவளும் டிரைவரும் மட்டும்தானா, ஸ்போர்ட்ஸ் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது, அதற்கு ஏன் ஜன்னல் இல்லை, சின்னப் பிள்ளைகளின் கழிப்பறைக்கு ஆயா எத்தனை மணிவரை இருக்கிறார் என்றெல்லாம் வரிசையாகக் கேள்வி கிளம்பும். பதில் எழுதினால் சாவியை மாற்ற வேண்டும், ஜன்னல் வைக்க வேண்டும், ஆயாவுக்குக் கூடுதல் சம்பளம் கொடுக்க வேண்டும். வீண் செலவு. பக்கத்து ஊர்ப் பள்ளியின் கொள்கையை வாங்கி ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அவர்களும் எங்கிருந்தோ எடுத்ததுதான். நடுவில் ஓரிடத்தில் "எமது நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் இருப்பார்" என்று வரும். உங்கள் பள்ளியில் குடிநீர்த் தொட்டியைத் தவிர வேறு நீர்நிலை இல்லாவிட்டாலும் அந்த வரி இருக்கட்டும். படிப்பவருக்குப் பள்ளியின் மீது மரியாதை கூடும்.

கொள்கை ஆங்கிலத்தில் இருப்பது மிக மிக அவசியம். பிள்ளைகளோடு அதிக நேரம் தனியாக இருப்பவர்கள் ஆயா, வாட்ச்மேன், வேன் டிரைவர், கிளீனர். இவர்கள் அதைப் படித்துப் புரிந்துகொண்டுவிட்டால் நாளைக்குக் கேள்வி கேட்பார்கள். ஆகவே கடைசிப் பக்கத்தில் "படித்தேன், புரிந்துகொண்டேன், கட்டுப்படுகிறேன்" என்று ஒரு தாள் வைத்து, சம்பள நாளன்று அக்குயிட்டன்ஸ் ரெஜிஸ்டரோடு சேர்த்து நீட்டுங்கள். சம்பளம் வாங்கும் மகிழ்ச்சியில் எதில் வேண்டுமானாலும் கையெழுத்து விழும்.

அடுத்து, குழு. 2021இல் சென்னைப் பள்ளி ஒன்றின் ஆசிரியரைப் பற்றி முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் எழுதப் போக, ஊரெல்லாம் பேச்சாகி, பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு வேண்டும் என்று அரசாணை வந்துவிட்டது. ஆசிரியர்கள், பெற்றோர், ஆசிரியரல்லாத பணியாளர் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். பெற்றோர் பிரதிநிதியாகத் தாளாளரின் மச்சினர் பொருத்தமாக இருப்பார். அவர் பிள்ளையும் இங்கேதானே படிக்கிறான். பணியாளர் பிரதிநிதியாக எதற்கும் தலையாட்டும் அலுவலக உதவியாளர். ஆசிரியர் பிரதிநிதியாக வரும் மார்ச்சில் ஓய்வு பெறுபவர். ஓய்வூதிய ஃபைல் உங்கள் மேஜையில் இருக்கும்வரை அவர் எதிர்த்துப் பேச மாட்டார்.

மினிட்ஸ் புத்தகத்துக்கு நிரந்தர வாசகம் ஒன்று தருகிறேன்: "குழு கூடியது. இம்மாதம் புகார் ஏதும் பெறப்படவில்லை. மாணவர் நலன் குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது. நன்றியுரையுடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது." ஜூன் முதல் ஏப்ரல் வரையிலான மினிட்ஸை ஒரே மாலையில் எழுதும்போது பேனாவை மாற்றி மாற்றி எழுதுங்கள். பதினொரு மாதமும் ஒரே நீல மையில் ஓடினால் புதிதாக வந்த அதிகாரிக்குக்கூடச் சந்தேகம் வரும்.

இனி புகார்ப் பெட்டி. இதில் கொஞ்சம் நிதானமாக நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெட்டியை மாட்டும் இடத்தில்தான் ஒரு தலைமையாசிரியரின் திறமை தெரியும்.

அரசுப் பள்ளிகளில் இதற்கு 'மாணவர் மனசு' என்று பெயர். பேசத் தயங்கும் பிள்ளை எழுதிப் போட வேண்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். அதை மாட்ட உகந்த இடம் உங்கள் அறை வாசல். ஒரு பக்கம் ஸ்டாஃப் ரூம், மறுபக்கம் அலுவலகம், மேலே சிசிடிவி. இந்த மூன்று பார்வைகளையும் தாண்டி வந்து காகிதம் போடும் பிள்ளைக்கு வீரதீரச் செயலுக்கான விருதுக்கே பரிந்துரைக்கலாம். கழிப்பறைப் பக்கமோ, மாடிப்படித் திருப்பத்திலோ, நூலக மூலையிலோ மாட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அங்கெல்லாம் மாட்டினால் பிள்ளைகள் உண்மையாகவே எழுதிப் போட்டுவிடும் அபாயம் இருக்கிறது.

உயரமும் முக்கியம். வயதில் சிறிய பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால், அந்த வயதில் அப்படி எதுவும் நடப்பதில்லை என்று புள்ளிவிவரம் தானாகவே கிடைத்துவிடும்.

சாவி ஹெட் கிளார்க்கிடம் இருக்கட்டும். அவர் மருத்துவ விடுப்பில் இருக்கட்டும். என்றாவது திறக்க நேர்ந்தால் கலங்க வேண்டாம். உள்ளே "சத்துணவு சாம்பார்ல உப்பே இல்ல", "கணக்கு பீரியடை எல்லாம் பி.டி. பீரியடா மாத்துங்க", "செவன்த் பி பசங்க எங்க பால எடுத்துட்டானுங்க" என்ற மாதிரி நிறைய இருக்கும். இவை எல்லாம் பொன். "பெறப்பட்டவை இத்தனை, தீர்க்கப்பட்டவை அத்தனை" என்று அறிக்கை எழுதி உப்பு போட்டுவிடலாம்.

எட்டாக மடித்த ஒரு காகிதம் மட்டும் சில நேரம் அடியில் கிடக்கும். பெயர் இருக்காது. இரண்டு வரிதான் இருக்கும். அதைப் படித்ததும் முதலில் கேட்க வேண்டியது, "இது யார் எழுதினது?" நடந்தது என்ன என்பதல்ல. ஸ்டாஃப் ரூமுக்கு எடுத்துச் சென்று காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களோடு கையெழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவரும் அங்கேயே உட்கார்ந்திருப்பார், தேடுவதற்கு ஒத்தாசை செய்வார். கண்டுபிடிக்க முடியாவிட்டால் "மொட்டைக் கடிதம், நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதி முடித்துவிடுங்கள். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, இப்படி ஒரு குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் போதும், சொல்லிவிட வேண்டும் என்கிறது. பெயர், முகவரி, கையொப்பம், வகுப்பாசிரியர் மேலொப்பம் என்று அதில் எதையும் கேட்கவில்லை. சட்டம் எழுதியவர்களுக்கு அலுவலக நடைமுறை தெரியவில்லை, பாவம்.

ஆட்களைச் சேர்க்கும்போது காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் வேண்டும், அதையும் அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டும் என்று அதே 2020 விதிகள் கேட்கின்றன. நிரந்தர ஆசிரியர்களுக்குச் செய்துவிடுங்கள், ஃபைல் கனமாகும். கராத்தே மாஸ்டர், யோகா மாஸ்டர், ஆண்டு விழாவுக்கு நடனம் சொல்லித்தர வருபவர், ஒப்பந்தத்தில் ஓடும் வேனின் டிரைவர் ஆகியோர் நம் பணியாளர்களே அல்லவே, அவர்களுக்கு எதற்கு? "நம்ம கவுன்சிலர் அனுப்பின ஆளுங்க" என்பது எந்தச் சான்றிதழையும்விடப் பெரிது. முந்தைய பள்ளியிலிருந்து ஏன் வந்தீர்கள் என்று கேட்பது பண்பாடல்ல. அந்தப் பள்ளிக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது அதைவிடப் பண்பற்றது. அவர்களும் "நல்ல மனிதர், சொந்தக் காரணங்களுக்காகப் போய்விட்டார்" என்றுதான் சொல்வார்கள். நாமும் நாளை அடுத்த பள்ளிக்கு அதைத்தானே சொல்லப்போகிறோம்.

விழிப்புணர்வு வகுப்பு ஒன்று நடத்தியே ஆக வேண்டும், போட்டோ வேண்டுமல்லவா? நல்ல தொடுதல், கெட்ட தொடுதல். ஃபிளெக்ஸ் பேனர் கட்டி, விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி, வரவேற்புரையும் நன்றியுரையும் போக மீதமிருக்கும் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். பெண் பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்தால் போதும். பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுங்கள். 2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. ஏதாவதொரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். சீண்டியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரியவர்கள். போக்சோ சட்டமும் 18 வயதுக்குக் கீழே ஆண், பெண் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் பையன்களும் வாய் திறப்பார்கள். எனவே பேனரில் இருட்டுச் சந்தில் மிட்டாய் நீட்டும் முரட்டு மீசைக்காரர் படத்தைப் போடுங்கள். "தெரியாதவர்களிடம் ஜாக்கிரதை" என்று பெரிய எழுத்தில். தெரிந்தவர்கள் எல்லாம் மேடையில் உட்கார்ந்திருக்கிறோம், நம்மைப் பற்றி எதற்கு?

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் ஒரு நாள் ஒரு பிள்ளை வந்து பேசிவிடும். கையேட்டின் மீதியை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

முதல் நிமிடத்தில் செய்ய வேண்டியது, "சத்தியமா?" என்று கேட்பது. அடுத்து, "அவரா? சும்மா இருக்காது, நீ ஏதாச்சும் சேட்டை பண்ணியிருப்பே" என்பது. அதற்கடுத்து, அழுகையை நிறுத்தினால்தான் மேற்கொண்டு கேட்பேன் என்று சொல்வது. பிறகு துணைத் தலைமையாசிரியரைக் கூப்பிட்டு, அவர் முன்னால் முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். பிறகு வகுப்பாசிரியர் முன்னால். பிறகு தாளாளர் வந்ததும் அவர் முன்னால். நான்காவது முறை சொல்லும்போது "வராண்டா" என்பதற்குப் பதில் "வகுப்பறை வாசல்" என்று வந்துவிடும். வந்ததா? பிடித்துக்கொள்ளுங்கள். "மாற்றி மாற்றிப் பேசுகிறாள்" என்று மினிட்ஸில் எழுதலாம். இந்தப் பழக்கத்துக்கு நேர் எதிராகச் சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். வாக்குமூலம் வாங்கும் போலீஸ்காரர் சீருடையில் இருக்கக் கூடாதாம். கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டுமாம். பிள்ளையின் வீட்டுக்கோ, பிள்ளை விரும்பும் இடத்துக்கோ அவர்தான் போக வேண்டுமாம். நீதிமன்றத்திலேயே பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சாட்சிக் கூண்டுக்கு இழுக்கக் கூடாதாம். தலைமையாசிரியர் அறையில் டீ டம்ளர்களுக்கு நடுவே ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து விசாரிப்பதைப் பற்றி மட்டும் சட்டத்தில் ஏற்பாடு எதுவும் இல்லை. அப்படி ஒரு வேலையை நமக்கு யாருமே தரவில்லை என்று அர்த்தப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

எழுதிக் கொடு என்று கேளுங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த விஷயத்தை எழுத வார்த்தை இருக்காது. ஆகவே புகார் இல்லை. (பிள்ளை வாயால் சொன்னால் போதும், அதைப் பிள்ளைக்கே புரியும் எளிய மொழியில் பதிய வேண்டியது காவல்துறையின் வேலை என்று 19ஆம் பிரிவு சொல்லித் தொலைக்கிறது.)

அடுத்ததாக, விஷயத்தை மேலே அனுப்பிவிடுவது. வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம், மாவட்டக் கல்வி அலுவலருக்கு நகல், முதன்மைக் கல்வி அலுவலருக்குத் தகவலுக்காக. தபால் போய் "விளக்கம் கோரி" திரும்பி வருவதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். சுறுசுறுப்பானவர்கள் இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள்: பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைத்த உள் புகார்க் குழுவிடம் பிள்ளையின் விஷயத்தையும் தள்ளிவிடுவது. அந்தக் குழு விசாரிக்க 90 நாள் உண்டு. தொண்ணூறு நாளில் ஒரு பத்து வயதுப் பிள்ளை எத்தனையையோ மறந்துவிடும் என்பது நம் நம்பிக்கை.

இந்த இடத்தில் சட்டம் காட்டும் முரட்டுத்தனத்தைச் சொல்லாமல் போனால் நான் நல்ல ஆலோசகன் ஆக மாட்டேன். தெரிந்துகொண்டவர் சொல்ல வேண்டிய இடம் சிறப்புச் சிறார் காவல் பிரிவு, அல்லது உள்ளூர்க் காவல் நிலையம். சி.இ.ஓ. அலுவலகம் அந்தப் பட்டியலில் இல்லை. தாளாளர் இல்லை. குலதெய்வம்கூட இல்லை. சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை பார்ப்பவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் சொல்லாமல் விட்டால் ஓர் ஆண்டு வரை சிறை, அபராதமும் சேர்த்து. அதாவது மற்றவர்களுக்கு ஒரு கணக்கு, ஹெச்.எம். நாற்காலிக்கு இரட்டைக் கணக்கு. 2021 நவம்பரில் கோவையில் ஒரு தனியார் பள்ளி முதல்வர், தெரிந்தும் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் கைதானார். மகாராஷ்டிரத்தில் பழங்குடி மாணவியர் விடுதி ஒன்றில் நடந்ததை அறிந்தும் சொல்லவில்லை என்று ஒரு டாக்டர் மீது போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்ப உயிர்ப்பித்துவிட்டது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் சட்டத்தின் நோக்கமே பாழாகும் என்பது நீதிபதிகளின் கருத்து. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் எந்த வழக்கும் போட முடியாது என்பதும் அதே 19ஆம் பிரிவில் இருக்கிறது. இதை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்துவிடாதீர்கள்.

பெற்றோரை வரவழைப்பது தனிக் கலை. அப்பாவை மட்டும் கூப்பிடுங்கள், அம்மா வேண்டாம். அம்மாக்கள் சத்தம் போடுவார்கள். நாற்காலி கொடுத்து, காபி சொல்லி, கதவைச் சாத்திவிட்டு ஆரம்பியுங்கள். "அண்ணே, நமக்கும் பொம்பளப் புள்ளைங்க இருக்கு. கோர்ட்டு, கேஸுன்னு போனா யாருக்கு அசிங்கம்? நாளைக்கு ஒரு நல்ல காரியம்னு வரும்போது ஊர் என்ன பேசும்?" இந்த மூன்று வாக்கியங்கள் தமிழ்நாட்டில் சாதித்த வேலையை எந்த வக்கீலும் சாதித்ததில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே "வேண்டாம் சார், விட்டுருங்க" என்பார். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஃபீஸில் கொஞ்சம் பார்த்துச் செய்கிறோம் என்று சொல்லி அனுப்புங்கள்.

அந்தக் காகிதத்தை ஃபிரேம் போட்டு மாட்டலாம், வேறு உபயோகம் இல்லை. பெற்றோர் சம்மதித்தால்தான் தகவல் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் கிடையாது. ராஜஸ்தானில் ஆசிரியர் ஒருவர் மீதான வழக்கில் அவரும் மாணவியின் தகப்பனாரும் சமரசம் ஆகிவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இது இரண்டு பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளும் சொந்தத் தகராறு அல்ல என்று வழக்கை மீண்டும் நடத்தச் சொல்லிவிட்டது.

இனி சம்பந்தப்பட்ட ஆசிரியர். இவர் நூற்றுக்கு நூறு ரிசல்ட் காட்டுபவராகவே இருப்பார். அது ஏனோ அப்படித்தான் அமைகிறது. இருபது வருட சர்வீஸ், சபரிமலைக்கு மாலை போடுவார் அல்லது ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார், வீட்டில் வயதான அம்மா. இவை எல்லாவற்றையும் விசாரணை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பிள்ளை சொன்னதற்குக் கடைசிப் பக்கத்தில் இடம் இருந்தால் பார்க்கலாம். கல்வி நிறுவனத்தின் ஆளே செய்தால் அதைச் சட்டம் மோசமான வகைக் குற்றமாக எடுத்து, தண்டனையைக் குறைக்காமல் கூட்டுகிறது. ஊடுருவும் தாக்குதலாக இருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 20 ஆண்டு. நம் ஊர் நடைமுறையில் அதற்கு இணையான தண்டனை, நிர்வாகத்தின் இன்னொரு கிளைக்கு மாற்றல்.

பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ். "நன்னடத்தை: நன்று" என்றே எழுதிக் கொடுங்கள். நாம் ஒன்றும் கொடுமைக்காரர்கள் இல்லை.

பத்திரிகைக்காரர்கள் வாசலில் நின்றால் திடீரென்று உங்களுக்கு 23ஆம் பிரிவு மனப்பாடமாக வேண்டும். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என எதையும் வெளியிடக் கூடாது என்பது அந்தப் பிரிவு. பிள்ளைக்காக எழுதியது. பட்டியலில் "பள்ளி" என்று இருப்பதைக் கவனித்தீர்களா? சட்டம் முழுவதிலும் நமக்குப் பிடித்த ஒரே இடம் அதுதான். "குழந்தையின் அடையாளம் காக்கவே பள்ளியின் பெயரைச் சொல்ல மறுக்கிறோம்" என்று தொண்டை கம்மச் சொல்லுங்கள். அதே மாலை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளையின் பெயர், வகுப்பு, தெரு, சாதி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் அந்தக் குரூப்பைப் பார்க்கவில்லை. போன் சார்ஜில் இருந்தது.

பிரம்பைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலுக்குத் தண்டனையும் கூடாது, மனத்துக்குத் துன்புறுத்தலும் கூடாது என்று சொல்லி, அது 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலும் இருக்கிறது. ஆனால் அடியாத மாடு படியாது என்பது அதைவிடப் பழைய சட்டம், திருத்தமே இல்லாமல் ஓடுகிறது. பிரம்பை இன்ஸ்பெக்‌ஷன் நாளில் மட்டும் மேப் ஸ்டாண்டுக்குப் பின்னால் வையுங்கள். கேட்டால், பூகோளப் பாடத்தில் இமயமலையைச் சுட்டிக்காட்ட.

நான் எழுதிக் கொடுத்த கொள்கைகள் எல்லாவற்றையும் உடைத்துவிடும் ஒரு பேர்வழி எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார். பெரும்பாலும் ஒரு தமிழ் டீச்சர். சில இடங்களில் லேப் அசிஸ்டென்ட், ஓரிடத்தில் கேட் வாட்ச்மேனே. அவரை முன்கூட்டியே அடையாளம் கண்டு வைத்துக்கொள்வது நல்லது. மதிய இடைவேளையில் பிள்ளைகள் அவரைச் சுற்றியே இருக்கும். ஒரு பிள்ளை ஏதோ சொல்ல வந்தால் இவர் நோட்டுத் திருத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். நடுவில் பேச மாட்டார். "அப்புறம் என்ன ஆச்சு?" என்பதற்கு மேல் கேள்வி கேட்க மாட்டார். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார். "இதை நான் சரிசெய்யக்கூடியவங்ககிட்ட சொல்லியாகணும் கண்ணு" என்று நேராகவே சொல்லிவிடுவார். "உன்மேல தப்பு இல்ல" என்பார். பிள்ளை சொன்ன வார்த்தையை மாற்றாமல், அந்தக் கொச்சையோடு, தேதியும் நேரமும் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்வார். சம்பந்தப்பட்டவரிடம் போய் "நீங்க இப்படிச் செஞ்சீங்களா?" என்று கேட்டு அவரை உஷார்ப்படுத்த மாட்டார். அன்றைக்கே, உங்கள் அனுமதி கேட்காமல், அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ 1098க்கோ போன் போட்டுவிட்டு, பிறகு வந்து "சொல்லிட்டேன் சார்" என்பார். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்பதால் விஷயம் கிடுகிடுவென்று ஓட ஆரம்பித்துவிடும். தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர் கொண்ட அந்தக் குழுவுக்கு நம் தாளாளர் யார் என்பதே தெரியாது. பிள்ளைக்கு வழக்கு முடியும்வரை கூடவே இருக்க ஓர் ஆதரவாளரை வேறு நியமிப்பார்கள்.

இப்படிப்பட்டவருக்குத் தேர்தல் பணி, கணக்கெடுப்பு, எமிஸ் பதிவேற்றம், வெளியூர்ப் பயிற்சி என்று ஓயாமல் வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள். பிள்ளைகளோடு உட்கார நேரம் இருந்தால்தானே. மாணவர் பாதுகாப்புக் குழுவில் அவரை மறந்தும் போட்டுவிடாதீர்கள். அவரைப் போட்டுவிட்டால் குழு வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

கடைசியாகச் சுவரொட்டி. 1098 எண்ணைப் பள்ளியில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும். 1996இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஜெரூ பிலிமோரியா தொடங்கிவைத்த எண். தெருவில் திரியும் பிள்ளைகளுக்கென்று ஆரம்பித்து, இன்று நாடு முழுக்க இலவசமாக அடிக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் 14417ஐயும் சேர்த்து எழுதச் சொல்வார்கள். லேமினேஷன் செய்து உங்கள் நாற்காலிக்குப் பின்னாலுள்ள சுவரில், காமராஜர் படத்துக்கும் கடிகாரத்துக்கும் நடுவே மாட்டுங்கள். அதிகாரிக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு தாளாளர் கேட்டார்: "எல்லாம் சரி சார், அந்த நம்பரை எங்கேயாவது பார்த்துப் பிள்ளையே மனப்பாடம் பண்ணிக்கிட்டா?" நியாயமான கவலை. தகவல் சொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் சட்டம் குழந்தையையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. நம்பரை வைத்த விதமும் நமக்குச் சாதகமாக இல்லை. பத்து, ஒன்பது, எட்டு. இறங்குவரிசை. அதை ஆரம்ப வகுப்புக் கணக்கிலேயே நாம்தான் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். பாடத்திட்டத்தில் கை வைக்க எனக்கு அதிகாரம் இல்லை, நீங்கள் சி.இ.ஓ. அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்.